அழைப்பும் ஊதியமும்: சிறுபிள்ளைப் பணிக்கு ஆள் தேடிய வரலாறு

ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் ஆலயங்களில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்படுவதுண்டு. ஞாயிறு பள்ளிக்கும் பாலர் பள்ளிக்கும் ஆசிரியர்கள் தேவை. ஊழிய வாஞ்சையுள்ளோர் ஆயரிடம் பெயர் கொடுக்கலாம் என்பதே அது. மூன்று வாரங்கள் தொடர்ந்து வாசித்த பின்னும் எவரும் வருவதில்லை. நான்காம் வாரம் ஆயரின் துணைவியாரும், சென்ற ஆண்டு பணியாற்றிய அதே இரு பெண்களும் வேறு வழியின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றனர். பின்னர்க் கூடும் குழுவில், வாஞ்சை தணிந்துபோயிற்று என்று வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. வாஞ்சைதான் தணிந்ததா, அல்லது கேட்கும் முறையில் பிழை உண்டா என்னும் வினாவை வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியாயிருந்து, 1993 செப்டம்பர் 30 முதல் தனி மாவட்டமான நிலம் இது. ‘அழைப்பு’ என்றவுடன் நம் திருச்சபைகள் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று திண்டிவனத்தில் நடந்தது. மாநிலமெங்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலரைத் திரட்டிய அரசுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில்தான். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் உள்ளன.

திண்டிவனத்து இரவு

அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷன் 1853இல் நிறுவப்பட்டது. அதன் நிலையங்களுள் ஒன்று திண்டிவனம். அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, தாயின் உடல்நலக் குறைவு காரணமாக 1890இல் அமெரிக்காவிலிருந்து வந்தார். மிஷனெரியாகும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓரிரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, பங்களாவின் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் வருவதை மூவருமே ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் பயிலப் புறப்பட்டது இதன் பின்னரே. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார்.

இவ்வரலாற்றை நாம் பிரசங்கத்தில் சொல்லும்போது பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறோம். ஆள் சேர்க்கும் கோணத்திலிருந்து நோக்கின் இதில் இரு செய்திகள் புலப்படும். முதலாவது, அன்று எவரும் பொது அறிவிப்புச் செய்யவில்லை. குறிப்பிட்ட ஒருவரை நாடி, குறிப்பிட்ட தேவையைச் சொல்லி, வீட்டு வாசலில் நின்று கேட்டனர். இரண்டாவது, வேலூருக்கு வந்த பின்னர் அவரே ஆள் தேடுபவரானார். அவருக்கு முதலில் துணைநின்றவர், வீட்டு வேலையாள் குடும்பத்தைச் சேர்ந்த சலோமி என்னும் பெண். 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என அவர் தொடங்கியவை இந்நாட்டுப் பெண்களைத் தேடிப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள். கடல் கடந்து வந்த ஒருவரால் எத்தனை வீடுகளுக்குச் செல்ல இயலும்? திண்டிவனத்து இரவின் தொடர்ச்சி இப்பள்ளிகளில்தான் உள்ளது.

அக்காலத்து மிஷன்களில் சிறு பிள்ளைகளையும் அவர்தம் தாய்மாரையும் நாள்தோறும் சந்தித்தவர்கள் வேதாகமப் பெண்கள். இவ்வேற்பாடு 1857இல் இலண்டனில் எலன் ரன்யார்டு அம்மையார் தொடங்கியது. ஏழைத் தெருவிற்கு மேல்நிலைப் பெண்ணை அனுப்பாமல், அத்தெருவில் வாழும் பெண்ணையே பணியில் அமர்த்த வேண்டுமென்பது அவருடைய கருத்து. தமிழ்நாட்டு மிஷன்களில் விதவைகள் பலர் இப்பணியில் சேர்ந்தனர். அவர்களுக்குச் சிறு சம்பளம் உண்டு. சம்பளம் பெற்றமையால் அவர்களுடைய பணி ஊழியம் அன்று என எவரும் அன்று கூறவில்லை. பிற்காலத்தில்தான் ‘ஊழியம்’, ‘ஊதியம்’ ஆகிய சொற்களை எதிரெதிராக நிறுத்தும் வழக்கம் நம்மிடையே வலுப்பெற்றதோ என எண்ண வேண்டியுள்ளது.

ஓபர்லின் கண்ட பெண்

இவ்வழக்கத்தின் வேரைக் காண, சிறு பிள்ளைகளுக்கான பள்ளி தோன்றிய இடத்தைச் சற்று நோக்குவோம். பிரான்சு நாட்டின் வோஜ் மலைப்பகுதியில் வால்டர்ஸ்பாக் என்னும் ஏழை ஊரின் போதகராக 1767இல் வந்தவர் லுத்தரன் ஆயர் ஜான் பிரெடரிக் ஓபர்லின். பெற்றோர் வயலுக்குச் சென்ற பின் சிறு பிள்ளைகளைப் பேணிக் கற்பிக்கும் பள்ளிகளை அவர் அங்கு நிறுவினார். ஐரோப்பாவின் மழலையர் பள்ளிகளுக்கு இவற்றை முன்னோடி எனக் கூறுவர்.

ஆனால் ஓபர்லின் தாமாக இதனைத் தொடங்கவில்லை. அருகிலுள்ள பெல்மோன் என்னும் சிற்றூரில் சாரா பான்சே என்ற இளம்பெண், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல்வேலை கற்பித்துக்கொண்டிருந்தாள். ஆயர் அதைக் கேள்வியுற்றுச் சென்று கண்டார்; அவளுக்கு ஊதியம் அளித்துப் பணியில் அமர்த்தினார். பிற ஊர்களிலும் அவ்வாறே பெண்களைத் தேடினார். ஆயருடைய திறமை பள்ளியைக் கற்பனை செய்ததில் இல்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவளைக் கண்டுகொண்டதில் உள்ளது என்பேன்.

சாரா 1774இல் இளவயதிலேயே இறந்தாள். திருச்சபை வரலாற்றில் நிலைத்த பெயர் அவளுடையது அன்று. லூயிஸ் ஷெப்லர் என்பாருடையது. பதினைந்து வயதளவில் ஓபர்லின் வீட்டிற்கு வந்து, அரைநூற்றாண்டிற்கு மேல் அப்பிள்ளைகளுக்கு உழைத்தவர் அவர். 1793ஆம் ஆண்டுப் பிறப்பன்று, தமக்கு இனிச் சம்பளம் வேண்டாம், வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஓபர்லினுக்கு மடல் எழுதினார். 1829இல் பிரெஞ்சுக் கல்விக்கழகம் அவருக்கு மோந்தியோன் பரிசாக 5,000 பிராங்கு அளித்தது. அம்மடல் பல மொழிகளில் மறுபடி மறுபடி அச்சாயிற்று. சாராவுடன் செய்த ஊதிய ஏற்பாடு அவ்வளவாக அச்சேறவில்லை. சம்பளம் வேண்டாம் என்று ஒரு பெண் தானே முன்வந்து எழுதுவது ஒன்று. அவளைப் போன்ற பிறரிடம் அதனையே எதிர்பார்ப்பது முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டை நம் சபைகள் மறந்த இடத்தில்தான் ஞாயிறு அறிவிப்பிற்கு விடை கிடைக்காமற் போகிறது.

அரசு தேடிய பெண்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுபிள்ளைப் பணியின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. அங்கன்வாடி என்னும் சொல் தமிழ்ச் சிற்றூர்களுக்கு வந்தது அதன் வழியாகத்தான்.

ஆயினும் ஆள் தேடும் முறையில் நமக்குப் பெரிதும் கற்பிப்பது, உலக வங்கியின் உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, முதற்கட்டத்தில் ஆறு மாவட்டங்களிலும், 1990க்குப் பின் மாநிலத்தின் பெரும்பாலான ஒன்றியங்களிலும் அது பரவியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவளிப்பது அதன் முறை. இதற்குச் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராக எத்தகைய பெண்ணைத் தேடினர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அவள் அவ்வூரில் வாழ்பவளாக இருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்பேனும் பயின்றிருத்தல் வேண்டும். ஊரார் அவளை ஏற்றல் வேண்டும். இவற்றுடன், ஏழையாயிருந்தும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்தவளாக இருத்தல் விரும்பத்தக்கது எனவும் வகுத்தனர்.

இக்கடைசி விதியை எழுதியவர் எவராயினும் அவர் சிற்றூரை நன்கறிந்தவர். வசதியுள்ள வீட்டுப் பெண் வந்து கீரையும் பருப்பும் கொடு என்று சொன்னால், ‘உனக்கென்னம்மா, இருக்கிறது, கொடுக்கிறாய்’ என்று விடை வரும். தன்னைப் போலவே கூலிக்குப் போகிறவளின் பிள்ளை தெருவில் நலமாக ஓடி விளையாடினால் அதற்கு மறுப்புச் சொல்ல எவராலும் இயலாது. ஓபர்லின் பெல்மோனில் கண்டதும் இத்தகைய ஒருத்தியைத்தான். அவளுக்குத் தகுதி புதிதாக உண்டாக்கப்படவில்லை. ஏற்கெனவே கண்ணெதிரே இருந்தது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. பாலர் மையங்களுக்கும் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பெருந்தொகையான பெண்கள் ஒருங்கே தேவைப்பட்டனர். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அங்கே தகுதியைப் பார்த்தனர். இங்கே தேவையைப் பார்த்தனர். இரண்டாவது நெறி தாழ்ந்தது எனக் கூறுவோர் உண்டு. அப்பணியால் தலைநிமிர்ந்த விதவைகளின் பிள்ளைகள் இன்று நம் சபைகளிலேயே பட்டதாரிகளாக அமர்ந்திருப்பதை அறிந்தவர் அவ்வாறு கூறார். எனினும் தேவையை அளவுகோலாக்கும்போது பரிந்துரைக் கடிதங்களுக்கும் வாசல் திறக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

எந்தத் தெருவின் பெண்?

‘உள்ளூர்ப் பெண்’ என்று இதுவரை எளிதாக எழுதிவந்தோம். விழுப்புரம் மாவட்டத்தில் அச்சொல் எளிதன்று. இங்குச் சிற்றூர் என்பது பெரும்பாலும் இரண்டு: ஊர் ஒன்று, காலனி ஒன்று. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த வன்முறையில் தலித் மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டதை இவ்வட்டாரத்துத் திருச்சபைகள் மறக்கலாகாது. இத்தகைய மண்ணில் பாலர் மையம் ஊருக்குள் அமைந்தால் காலனிப் பிள்ளை வாசலில் தயங்கும். காலனியில் அமைந்தால் ஊர்ப் பிள்ளை வராது. பணியாளர் எத்தெருவினர் என்பது பிள்ளைக்குத் தெரியுமுன்னே பாட்டிக்குத் தெரியும். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு பள்ளியில், பட்டியலினத்தைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைக்கக்கூடாதென்று சாதியினர் எதிர்த்தமையும், அதன்மேல் வழக்குப் பதிவானமையும் நாடறிந்தவை. ஊரார் ஏற்கவேண்டும் என்னும் விதி நல்ல விதியே. ஆனால் எந்த ஊரார் என்று கேளாமல் அதனைப் பின்பற்றினால் வலியோரின் ஒப்புதலே விதியாகிவிடும்.

திண்டிவனம் வட்டாரத்து இருளர் குடியிருப்புகளை நோக்கின் வேறொரு தடை தெரியும். சாதிச் சான்றிதழுக்கே இம்மக்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்ததைப் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோரின் உழைப்பால் வெளியுலகம் அறிந்தது. சான்றிதழ் இன்றிப் பள்ளிப்படிப்புத் தடைப்பட்ட குடியிருப்பில், படித்த பெண்ணை எங்கே காண்பது? 1980இல் ஊட்டச்சத்துப் பணியாளருக்கு எட்டாம் வகுப்புப் போதுமாயிருந்தது. 2025இல் தமிழக அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப முற்பட்டபோது பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கேட்கப்பட்டது. மாநிலத்தின் பொதுக்கல்வி உயர்ந்ததன் அடையாளம் இது, மகிழத்தக்கதே. அதேவேளை, எக்குடியிருப்பின் பிள்ளைக்குப் பணியாளர் மிகத் தேவையோ அக்குடியிருப்பின் பெண்ணே படிக்கட்டின் கீழ் நின்றுவிடுகிறாள். எட்டாம் வகுப்புப் பயின்ற ஒருத்தியை உதவியாளராகச் சேர்த்து, மேற்படிப்பிற்கு வழிசெய்து, சில ஆண்டுகளில் பணியாளராக்குவது சிறு அமைப்புகளால் இயலக்கூடியது. அரசு விதி தொட இயலாத இவ்விடத்தை நம் சபைகள் தொடலாம்.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டிருந்தன. அவ்விழப்பை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். மாலை வேளையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம், அவ்வப் பகுதியில் வாழும் தன்னார்வலர் கற்பிப்பது ஏற்பாடு. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதி. மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய்.

ஆள் சேர்க்கக் கலைக்குழுக்கள் தெருத்தெருவாகச் சென்று பாடியும் நடித்தும் செய்தியை அறிவித்தன. வந்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். படித்துவிட்டு, மணமாகி, வீட்டோடு இருந்த பெண்கள் அவர்களுள் ஏராளம். அவர்களிடம் வாஞ்சை இல்லாமல் இல்லை. அதுவரை எவரும் கேட்டதில்லை, அவ்வளவே. ஊர்ப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்று, பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதென்றும், அம்மீட்பில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்ததென்றும் கணித்தது.

இத்துணைப் பேர் எளிதில் வந்தமைக்குக் காரணங்கள் தெளிவானவை. வேலை வீட்டின் அருகே இருந்தது, நேரம் அளவிடப்பட்டிருந்தது, பிள்ளைகள் அறிமுகமானவர்கள். நம் சபைகளிலும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இளைஞர் திரண்டு வருவதையும், ஞாயிறு பள்ளிக்கு வரத் தயங்குவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நாள் என்று தெரிந்தால் மனம் துணிகிறது. ஞாயிறு பள்ளிக்குப் பெயர் கொடுத்தவர் விடுதலை பெறும் நாளை எந்த ஆயரும் அறிவித்ததில்லை!

வற்புறுத்தி அனுப்பினால் என்ன நேரும் என்பதற்கும் அண்மைக் காலத்தில் சான்று உண்டு. 2019 ஜனவரியில் அரசு, பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கி, உபரியாயிருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கு மாற்றியது. அவர்கள் பயின்றது வேறு, விரும்பியதும் வேறு. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. 2022இல் அவ்வகுப்புகளை நிறுத்தும் எண்ணம் வெளியாகி, மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைச் சேர்க்க முடிவாயிற்று. தகுதி மிக்க, நல்ல ஊதியம் பெற்ற ஆசிரியர்கள் நிலைக்காத இடத்திற்கு, ஐயாயிரத்திற்கு ஆள் தேடும் நிலை வந்தது.

இதற்கு மாறான சான்று ஒன்று. தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடி மையங்களில் நிகழ்ந்த ஓர் ஆய்வில், அவற்றுட் சிலவற்றிற்கு மட்டும் மழலையர் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர், உள்ளூரிலிருந்தே, கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். பதினெட்டு மாதங்களில் அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினர். பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்தமையால் ஊட்டச்சத்துப் பணியும் செம்மையுற்றது. ஒருவரையே எல்லாவற்றிற்கும் இழுக்காமல் இன்னொருவரை அமர்த்தியதன் பயன் இது. ஆயரின் துணைவியார்மீதே அனைத்தையும் ஏற்றிவைக்கும் சபைகள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மதிப்பூதியம் என்னும் சொல்

அங்கன்வாடிப் பெண்களுக்குத் தரப்படுவது சட்டப்படி ஊதியமன்று, மதிப்பூதியம். அவர்கள் அரசின் குடிமைப் பணியிடம் வகிப்போர் அல்லர் என்று 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 25 அன்று குசராத்திலிருந்து சென்ற மணிபென் வழக்கில், பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என அதே நீதிமன்றம் கூறியது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்தன. எத்தனையோ பெண்கள் வெறுங்கையுடன் பணி நிறைவு பெற்றனர். தமிழ்நாட்டில் இப்பெண்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் கிடைத்தது அவர்கள் சங்கமாகத் திரண்டு கேட்டதனாலும்தான். தொண்டு செய்பவள் கூலி கேட்பதா என்று அன்று முகம் சுளித்தோரில் நம் சபையினரும் இருந்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்து ஒரு சபையின் பழைய கணக்கேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அச்சபையின் பாலர் பள்ளி பல தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்த பள்ளி. அதில் நெடுங்காலம் பிள்ளைகளைக் கழுவித் துடைத்து, சோறூட்டி, உறங்கவைத்த ஆயா அம்மாளைப் பற்றி முதியோர் பலர் இன்றும் அன்புடன் பேசுகின்றனர். அவர் எந்த ஆண்டு சேர்ந்தார், என்ன பெற்றார் என அறிய விரும்பினேன். ஆயருடைய பயணப்படி தனித் தலைப்பில் இருந்தது. ஆலய மணிக்கயிறு வாங்கிய செலவும் தனியே இருந்தது. அந்த அம்மாளுக்குக் கொடுத்தது மாதந்தோறும் ‘இதரச் செலவு’ என்னும் தலைப்பில் பதியப்பட்டிருந்தது. பெயர் ஓரிடத்திலும் இல்லை.